கையளித்தோமா, ஒப்படைத்தோமா, கைவிட்டோமா? பிடியை விடும் வினைகளைச் சரியாக எழுத வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பொருளின் மீதோ ஆளின் மீதோ இருந்த பிடியை விட்டதைச் சொல்லத் தமிழில் வினைகளுக்குப் பஞ்சமில்லை. கொடு, விடு, கையளி, ஒப்படை, பாரங்கொடு, ஒப்புக்கொடு, விட்டுக்கொடு, கைவிடு, பறிகொடு, சரணடை, துற, தாரைவார் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எதை எடுத்தாலும் 'இனி அது என் கையில் இல்லை' என்ற செய்தி வந்துவிடும். ஆனால் நானாக விட்டேனா, பறித்தார்களா, வாங்கியது யார், திருப்பித் தர வேண்டியதா என்பதெல்லாம் எந்த வினையைப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. பேச்சில் வினை கொஞ்சம் பிசகினாலும் முகமும் குரலும் மிச்சத்தைச் சொல்லிவிடும். கடிதத்தில் வினை மட்டும்தான் பேசும்.

இலங்கையின் வடக்கில், போரின் கடைசிக் களமாக இருந்த வன்னியில் இந்த வினைகளுக்கு வேலை அதிகம். அனுமதிப்பத்திரக் காணிகள், படையினர் வைத்திருந்து விட்ட காணிகள், இன்னும் விடாத காணிகள், குளத்துத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக 2009 மே மாதம் பெற்றோர் தங்கள் கையாலேயே கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கும் பிள்ளைகள். விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) ஒரு கடிதம், பிரதேச செயலகத்துக்கு ஒன்று, ஆணைக்குழுவுக்கு ஒன்று, பொலிஸில் ஒரு வாக்குமூலம் என்று ஒரே குடும்பம் ஒரே சம்பவத்தை பல இடங்களில் எழுதுகிறது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வினை. பிறகு யாரோ ஒருவர் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'அன்று அப்படிச் சொன்னீர்கள், இன்று இப்படிச் சொல்கிறீர்கள்' என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் எழுத உதவுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

படி 1: பேனாவை எடுக்க முன் நான்கு கேள்வி

விட்டது யார்? வாங்கியது யார்? மனம் ஒப்பி நடந்ததா, நெருக்குதலில் நடந்ததா? திரும்பி வர வேண்டியதா?

இந்த நான்கிற்கும் பதிலை முதலில் பேச்சுத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். நேரே எழுத்துத் தமிழுக்குப் பாய வேண்டாம். உதாரணமாக, இடப்பெயர்வைப் பற்றிச் சொல்லும்போது வரும் ஒரு சாதாரண வாக்கியம்: 'மாடுகளை அண்ணரிட்ட விட்டிட்டு வந்தனாங்கள்.' விட்டது நாங்கள். வாங்கியது அண்ணர். இரண்டு கேள்விக்குப் பதில் இருக்கிறது, மற்ற இரண்டுக்கு இல்லை. அண்ணருக்கே கொடுத்ததா, பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டதா? திரும்பி வந்து மாட்டைக் கேட்கும் நாளில் பிரச்சினை இந்த இடத்தில்தான் கிளம்பும். 'மாடுகளைத் திரும்பி வரும்வரை பராமரிக்குமாறு அண்ணரிடம் ஒப்படைத்துவிட்டு இடம்பெயர்ந்தோம்' என்று எழுதினால் நான்கும் வந்துவிடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள், பேச்சில் இருந்த 'விடு' எழுத்தில் 'ஒப்படை' ஆகிவிட்டது. 'விடு' எல்லா இடத்துக்கும் பொருந்தும் சொல், அதனாலேயே கடிதத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது.

படி 2: 'கையளி' எங்கே பொருந்தும்

இலங்கைத் தமிழில் 'கையளி' நாளாந்தச் சொல். மகஜர் (கோரிக்கை மனு) கையளிப்பு, வீட்டுச் சாவி கையளிப்பு, நியமனக் கடிதம் கையளிப்பு என்று பத்திரிகை முழுக்க அதுதான். தமிழ்நாட்டார் இந்த இடங்களில் பெரும்பாலும் 'வழங்கு', 'ஒப்படை' என்பார்கள். 'கையளி'யில் ஒரு முறைமை இருக்கிறது: நாலு பேர் முன்னிலையில், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, தெரிந்தே கொடுப்பது. 'பிரதேச செயலாளரிடம் மகஜரைக் கையளித்தோம்' என்பதில் ஒரு குறையும் இல்லை. 'செயலாளருக்குக் கையளித்தோம்' என்றும் எழுதலாம். 'இடம்' என்ற உருபு ஆளைக் கண்முன் நிறுத்துவதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'இராணுவம் காணியை மக்களிடம் கையளித்தது' என்று எழுதும்போது, கொடுத்தவர் கையில் அது முறைப்படி இருந்தது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. தகப்பன் வெட்டித் திருத்திய காணி, உறுதியோ (உரிமைப் பத்திரமோ) பேர்மிட்டோ (அனுமதிப்பத்திரமோ) வீட்டுக்காரரிடம் இருக்கிறது, ஆனால் வாக்கியம் இன்னொருவர் தானம் செய்தது போல ஒலிக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவுப் பக்கத்தில், பிலக்குடியிருப்பு மக்கள் 2017 இன் தொடக்கத்தில் வெயிலிலும் பனியிலும் வீதியோரம் இருந்து போராடித் தங்கள் காணிக்குள் போனார்கள். அதைக் 'கையளிப்பு' என்று மட்டும் எழுதினால் அந்தச் சனம் இருந்ததற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 'மீள' சேர்ப்பது: 'காணியை உரிமையாளரிடம் மீளக் கையளித்தது.' மற்றது, வினையையே மாற்றி 'விடுவித்தது' என்று எழுதுவது. 'விடுவி'யில் பிடித்து வைத்திருந்தவர் பிடியைத் தளர்த்தினார் என்பது உள்ளேயே இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், காணி உரிமையாளர் குழு என்று எழுதும் எவரும் இந்த இரண்டில் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: 'ஒப்படை', 'பாரங்கொடு'

'ஒப்படை' பொறுப்போடு கூடிய கொடுத்தல். வாங்கியவர் அதைக் காக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையை ரீச்சரிடம் ஒப்படைக்கிறோம், நகைகளை அம்மம்மாவிடம் ஒப்படைக்கிறோம், சங்கக் காசை அடுத்த பொருளாளரிடம் கணக்கோடு ஒப்படைக்கிறோம். விற்ற பொருளை 'ஒப்படைத்தேன்' என்றால், விற்பனை முடிந்து பொருளைக் கொடுக்கும் செயலை மட்டும் அது குறிக்கும். விற்றதை அந்த வினை சொல்லாது.

கந்தோர்களில் இன்னும் 'பாரங்கொடு', 'பாரமெடு' கேட்கலாம். வெளிமாவட்ட வாசகருக்கும் போகும் கடிதமானால் 'பொறுப்பளி', 'பொறுப்பேல்' என்று மாற்றிவிடுங்கள், பொருள் மாறாது.

படி 4: 'சரணடை'யும் 'ஒப்படை'யும்

இந்தப் படியைத்தான் ஆறுதலாக வாசிக்கச் சொல்வேன்.

இரண்டு சொல்லுக்குள்ளும் 'அடை' இருக்கிறது. ஆனால் ஒன்று 'அடைந்தேன்', மற்றது 'அடைத்தேன்'. 'சரணடைந்தேன்' என்பதில் செய்தவரும் பிடிக்குள் போனவரும் ஒரே ஆள். 'ஒப்படைத்தேன்' என்பதில் கொடுத்தவர் ஒருவர், கொடுக்கப்பட்டவர் இன்னொருவர், வாங்கியவர் மூன்றாமவர். ந்-த், இந்த ஒரு மெய்யெழுத்து மாறினால் வாக்கியத்துக்குள் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையே மாறிவிடும்.

2009 மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் வழியாகச் சனம் வெளியேறியபோது, இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) ஒரு நாள் இருந்தவர்கூட வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதாகப் பல குடும்பங்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அதை நம்பித் தாய் மகனைக் கூட்டிக்கொண்டு போனார், மனைவி கணவனோடு போனார், சில இடங்களில் முழுக் குடும்பமாகவே போனார்கள். அந்தக் குடும்பங்கள்தான் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கின. வவுனியா மேல் நீதிமன்றம் வரை ஆட்கொணர்வு மனுக்கள் போனதும் இந்தச் சம்பவங்களுக்காகத்தான்.

இப்போது வினைக்கு வருவோம். 'என் மகன் சரணடைந்தார்' என்று எழுதினால் செயல் மகனுடையது. அவர் போராளியாக இருந்து, தானே முடிவெடுத்து, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். தாய் அந்த வாக்கியத்தில் இல்லை. 'என் மகனை நான் இராணுவத்தினரிடம் ஒப்படைத்தேன்' என்று எழுதினால் தாய் அங்கே நிற்கிறார். கண்ணால் கண்ட சாட்சி அவர். வாங்கியவர் யார் என்பதும் வாக்கியத்தில் இருக்கிறது. வாங்கியவருக்குப் பொறுப்பு உண்டு என்பதை வினையே சொல்லிவிடுகிறது. கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டு நாலு நாள் பயிற்சி எடுத்த பதினாறு வயதுப் பிள்ளைக்குச் 'சரணடைந்தார்' என்ற சொல் எவ்வளவு பொருந்தாது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்காக 'சரணடை' பிழையான சொல் என்று ஆகிவிடாது. உண்மையில் சரணடைந்தவர்களும் இருந்தார்கள். சரணடைந்தவருக்கும் போர்ச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, அதனால் அதை மறைக்கவும் வேண்டாம். நடந்தது எதுவோ அதற்குரிய வினையைப் போடுங்கள். அவர் தானாகப் போனாரா, அப்போது நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா? அப்படியானால் 'அவர் என் கண்முன்னே இராணுவத்தினரிடம் சரணடைந்தார்.' நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்களா? 'ஒப்படைத்தேன்.' பதியச் சொல்லி மறித்துக் கூட்டிக்கொண்டு போனார்களா? அது இரண்டும் அல்ல: 'என்னிடமிருந்து பிரித்து அழைத்துச் சென்றார்கள்.' ஊடகத்தில் அடிபடும் சொல் என்பதற்காக மூன்றாவதை முதலாவதாக மாற்ற வேண்டாம்.

'காணாமல் போனோர்' என்பது 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று மாறியதும் இந்தக் கணக்கில்தான். 'போ' என்றால் போனவர் தானே போனார். 'ஆக்கு' என்றால் ஆக்கிய ஒருவர் உண்டு. அதை மாற்றிப் பேச வைத்தவர்கள் அந்தத் தாய்மார். மொழியியல் படித்தவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

படி 5: காணியைப் பற்றி எழுதும்போது

கடிதங்களில் நான் அடிக்கடி காணும் வாக்கியம்: 'யுத்தம் காரணமாக எமது காணியைக் கைவிட்டு இடம்பெயர்ந்தோம்.' எழுதியவர் சொல்ல வந்தது, உயிருக்குப் பயந்து போட்டது போட்டபடி ஓடினோம் என்பது. ஆனால் 'கைவிடு' என்பதற்கு இனி எனக்கு வேண்டாம் என்று விடுதல் என்ற பொருளும் நன்றாகவே உண்டு. வயதான தாயைக் கைவிட்ட மகன் என்கிறோம், திட்டத்தைக் கைவிட்டார்கள் என்கிறோம். இரண்டிலும் வேண்டாமென்ற மனம் இருக்கிறது. காணி விடயத்தில் அந்த மனம் உங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இலங்கையில் 1871 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. இன்னொருவரின் தனியார் காணியைப் பத்து ஆண்டு இடையீடில்லாமல், உரிமையாளருக்கு எதிரான உரிமையோடு ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். போர்க் காலத்தில் காணிப் பக்கமே போக முடியாதவர்களுக்கு இது பெரிய அநியாயமாக முடியும் என்பதால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஒட்டி 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு ஒன்றைச் செய்தது. உங்கள் வழக்குக்கு அது இன்றைக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கடிதம் எழுதும் அளவில் நமக்குத் தேவையானது இவ்வளவுதான்: காணியை விட்டு வந்ததையும் காணி உரிமையை விட்டதையும் ஒரே சொல்லால் எழுத வேண்டாம். 'காணியை விட்டு வெளியேற்றப்பட்டோம்', 'காணியிலிருந்து இடம்பெயர நேர்ந்தது', 'பாதுகாப்புக் கருதி வெளியேறினோம்' இவற்றில் நடந்ததற்குப் பொருந்துவதை எடுங்கள். கூடவே ஒரு வரி: 'காணியின் உரித்தை நாங்கள் எவருக்கும் விட்டுக்கொடுக்கவோ மாற்றவோ இல்லை.'

'பறிகொடு' என்றொரு அருமையான வினை இருக்கிறது. கொடுத்தவர் போல எழுவாய் நிற்கும், ஆனால் அவர் மனம் ஒப்பிக் கொடுக்கவில்லை என்பது 'பறி'யிலேயே இருக்கும். 'நகைகளைப் பறிகொடுத்தோம்', 'இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்' என்று எழுதும்போது வேறு விளக்கமே வேண்டாம். ஆனால் பிரித்து எழுதும்போது கவனம்: 'பறித்துக் கொடுத்தேன்' என்றால் நான்தான் பறித்தவன்.

வன்னிக் காணிகளில் பெரும்பகுதி உறுதிக்காணி அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் கைமாற்றினால் செல்லுபடியாகாது. பின்னுரித்தாளரை (தனக்குப் பின் காணியைப் பெறுபவரை) நியமிப்பதுதான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் முறை. ஆகவே 'காணியை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று பேச்சில் சொல்வது கடிதத்தில் 'மகளைப் பின்னுரித்தாளராக நியமித்துள்ளேன்' என்று வர வேண்டும். அப்படி நியமிக்கவில்லையானால் அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம், முதலில் நியமனத்தைச் செய்யுங்கள்.

உறுதிக்காணியில் பெரியவர்களுக்கு நல்ல வழியொன்று உண்டு: சீவிய உரித்து. நன்கொடை உறுதியில் காணியைப் பிள்ளைக்கு எழுதினாலும், தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கவும் பயனெடுக்கவும் உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) வாசிக்கும்போது 'சீவிய உரித்து எங்களுக்கு' என்ற வரி இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். 'எழுதிக் கொடுத்தேன்' என்ற வினை ஒன்றுதான், ஆனால் அந்த வரி இருப்பதும் இல்லாததும் முதுமையில் சொந்த வீட்டில் இருப்பதா, பிள்ளையின் தயவில் இருப்பதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

படி 6: 'விட்டுக்கொடு'

இந்த வினைக்கு இரண்டு முகம். முதலாவது, எனக்குரியதை இன்னொருவருக்காக நானே குறைத்துக்கொள்வது. சிறுபோகத்துக்கு (கோடைக்கால நெற்செய்கைக்கு) கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் போதாத ஆண்டுகளில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். 'இந்தமுறை என்ர பங்கை விட்டுக்குடுக்கிறன், நீ விதை' என்று ஒருவர் சொன்னால் உரிமை அவரிடமே இருக்கிறது, இந்த முறைப் பயன் மட்டும் போகிறது. ஆகவே பதிவுப் புத்தகத்தில் 'பங்கை விட்டுக்கொடுத்தார்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'இந்தச் சிறுபோகத்துக்கு மட்டும்' என்ற சொல் கட்டாயம் வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் போனதால் அடுத்த போகத்தில் வாய்க்கால் வரம்பில் சண்டை வந்த ஊர்கள் உண்டு. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். பகிர்வது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. கனகராயன் ஆற்றை மறித்து 1920 வரை கட்டிய அந்தக் குளத்தை நம்பி மூன்று தலைமுறை வயல் செய்த மக்களுக்கு அந்த வேறுபாடு வயிற்றுப் பிரச்சினை.

இரண்டாவது முகம் எதிர்மறையில்தான் அழகாக இருக்கும்: 'என்ன கோபம் இருந்தாலும் சபையில தன்ர தம்பியை விட்டுக்குடுக்க மாட்டா.' மற்றவர் முன் நம் ஆளைக் குறைவாகப் பேச விடாமல் காப்பது. இதை எழுத்திலும் அப்படியே எழுதலாம். ஆனால் 'தம்பியை விட்டுக்கொடுத்தார்' என்று உடன்பாட்டில் ஆளைப் பற்றி எழுதினால் கைவிட்டார் என்ற பொருள்தான் வரும்.

'கொடு' சேரும் இன்னொன்று 'காட்டிக்கொடு'. 'அவர் இருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தேன்' என்று அப்பாவித்தனமாக எழுதிவிட்டால் அது துரோகம் என்று வாசிக்கப்படும். வழி தெரியாத ஒருவருக்கு வீட்டைக் காட்டியிருந்தால் 'காட்டினேன்' என்பதோடு நிறுத்துங்கள்.

படி 7: கோவில் வழக்கு

கடவுளிடம் பிடியை விடும்போது சொல் வேறாகிவிடும். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பூசையை 'ஒப்புக்கொடுக்கிறார்கள்', பிள்ளையை மாதாவுக்கு 'ஒப்புக்கொடுக்கிறார்கள்'. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்குப் போகும் சனம் ஆட்டையோ மாட்டையோ 'நேர்ந்து விடுவார்கள்'. நேர்ந்து விட்டது இனி வீட்டுக்காரருடையது அல்ல, அதை விற்கக் கூடாது, ஆனாலும் தண்ணீர் வைப்பது அதே வீட்டார்தான். இந்த இடத்தில் பிடி போய்விடுகிறது, பராமரிப்பு மட்டும் மிஞ்சுகிறது.

'உன் கையிற் பிள்ளை உனக்கே அடைக்கலம்' என்ற வழக்கைத் திருவெம்பாவையே பழஞ்சொல் என்று சொல்கிறது. மார்கழிக் காலையில் சங்கொலியோடு கேட்டு வளர்ந்த நமக்கு 'அடைக்கலம்' என்றால் பிடியை விடுபவருக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் கடமை என்று விளங்கும். 'சரண்' என்ற சொல்லும் ஆதியில் அந்தப் பாதுகாப்பைத்தான் குறித்தது. ஆனால் இன்றைய செய்தித் தமிழில் அது தோல்வியின் சொல்லாகிவிட்டது, அதனால் கடிதத்தில் பக்திப் பொருளில் அதைப் போட வேண்டாம். 'தாரைவார்' இன்னும் தலைகீழாகிவிட்டது. நீர் வார்த்துத் தானம் கொடுப்பதைக் குறித்த சொல், இன்று அரசியல் மேடையில் அநியாயமாகத் தூக்கிக் கொடுத்தார்கள் என்று ஏசும் சொல். மகளின் கலியாணத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் பழைய பொருளில் பாவிக்கலாம்.

படி 8: பேச்சை எழுத்தாக்கும்போது

'குடுத்தனான்', 'குடுத்திட்டன்', 'குடுத்துப்போட்டன்' மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் 'அதைச் செய்தது நான்தான், அது நடந்தது' என்ற உறுதி இருக்கிறது. இரண்டாவதில் முடிந்துவிட்டது என்பது. மூன்றாவதில் பெரும்பாலும் ஒரு வருத்தம். எழுதுகிறவர்கள் மூன்றையும் 'கொடுத்துவிட்டேன்' என்று ஆக்கிவிடுகிறார்கள். 'குடுத்தனான்' என்று ஒரு அம்மா சொன்னால் 'நானே கொடுத்தேன்' என்று எழுதுங்கள். 'ஒப்படைத்துவிட்டோம்' என்பதில் கதை முடிந்தது போன்ற ஒலி இருப்பதால், திரும்பி வர வேண்டியவரைப் பற்றி எழுதும்போது 'ஒப்படைத்தோம்' போதும்.

'படு' சேர்த்து எழுதுவதைக் குறையுங்கள். 'மகன் கையளிக்கப்பட்டார்' என்ற வாக்கியத்தில் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. செய்தவர் உண்மையாகவே தெரியாத இடத்தில் மட்டும் 'படு' சரி.

படி 9: ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

இது யாருடைய கடிதமும் அல்ல, பல கடிதங்களில் வரும் பாணியில் நான் அமைத்தது.

முதலில்: 'கடந்த 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் போது எனது மகன் வட்டுவாகலில் சரணடைந்து இராணுவத்திடம் கையளிக்கப்பட்டுக் காணாமல் போய்விட்டார் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகின்றேன்.'

ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வினை. ஒவ்வொன்றையும் செய்தது யார்? சரணடைந்தவர் மகன். கையளித்தவர் யாரென்று தெரியாது. காணாமல் போனதும் மகனே. தாய் தாழ்மையுடன் அறியத்தருபவர் மட்டும்.

திருத்தியபின்: '2009 மே 18 ஆம் திகதி காலை, வட்டுவாகல் பாலத்தைக் கடந்த இடத்தில், நானும் என் கணவரும் எங்கள் மகனை அங்கு நின்ற இராணுவத்தினரிடம் ஒப்படைத்தோம். பதிவு செய்தபின் விடுவார்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அவரைப் பஸ்ஸில் ஏற்றியதை நாங்கள் இருவரும் கண்டோம். இன்றுவரை அவரை எங்களிடம் திருப்பி ஒப்படைக்கவில்லை.'

சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒருவர் செய்கிறார். கடைசி வரியில் அதே 'ஒப்படை' திரும்ப வருகிறது, நாங்கள் செய்ததை அவர்கள் செய்யவில்லை என்பது அதனால் தெரிகிறது. திகதியும் நேரமும் இடமும் நினைவில் உள்ளபடி இருக்கட்டும். உறுதியில்லாத இடத்தில் 'அண்ணளவாக' என்று எழுதுவதில் எந்தக் குறையும் வராது.

படி 10: கையொப்பம் வைக்க முன்

வாக்குமூலத்தை வேறொருவர் சிங்களத்தில் எழுதும் நேரம் இது இன்னும் முக்கியம். சிங்களத்தில் ஒருவரை ஒப்படைத்தேன் என்பது 'பார துன்னா', தானே சரணடைந்தார் என்பது 'பார வுணா'. இரண்டிலும் முதற்சொல் ஒன்றே, இரண்டாம் சொல் மாறினால் படி 4 இல் சொன்ன முழு வேறுபாடும் போய்விடும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 இலேயே எழுதியாகிவிட்டது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேளுங்கள். அது முடியாதென்றால் தமிழில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டக் கேளுங்கள். வாசிக்கும்போது மற்றதெல்லாம் தவறினாலும் இந்த ஒரு வினையில் காதை வையுங்கள்: 'ஐயா, நான் சொன்னது அவர் சரணடைந்தது எண்டு இல்லை, நான் ஒப்படைச்சனான் எண்டு.' திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் வைத்துப் போட்டோக் கொப்பி ஒன்றை வாங்குங்கள்.

முன்பு கொடுத்த வாக்குமூலங்களில் ஏற்கெனவே வேறு வினை பதிந்திருந்தால் அதை ஒளிக்க வேண்டாம். அடுத்த கடிதத்தில் தனிப் பந்தியாக இப்படி எழுதலாம்: 'முன்னர் அளித்த வாக்குமூலத்தில் எனது மகன் சரணடைந்ததாகப் பதியப்பட்டுள்ளது. அவரை அழைத்துச் சென்று இராணுவத்தினரிடம் நேரில் ஒப்படைத்தது நானே. இரண்டும் ஒரே சம்பவத்தையே குறிக்கின்றன.' அந்தப் பழைய வாக்குமூலத்தின் திகதியையும் இலக்கத்தையும் அதே பந்தியில் குறித்துவிட்டு, பிரதியையும் கடிதத்தோடு இணையுங்கள்.